தருமபுரி, கிருஷ்ணகிரி காதல் நாவல் வாசகிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பெண்கள். காதல் நாவல், குடும்ப நாவல் என்றால் சோறு தண்ணி மறப்பவர்கள். புதிதாக வருகிறவர்கள் தனி மெசேஜில் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். குழுவை நடத்துகிறவள் என்ற முறையில் சில விஷயங்களில் நான் கண்டிப்பு. அது பதில்களிலும் தெரியும்.

காதல் நாவல் படிக்கிறவர்கள் இணையத்தில் எங்கேதான் கூடுகிறார்கள்?

கதை ஒரு இடத்தில் இருக்கும், பேச்சு இன்னொரு இடத்தில் நடக்கும். இதை முதலில் புரிந்துகொண்டால் குழப்பம் குறையும்.

கதைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் கிடைக்கின்றன. எழுத்தாளர்கள் சேர்ந்தோ தனியாகவோ நடத்தும் நாவல் தளங்கள் ஒன்று. அங்கே ஒவ்வொரு கதைக்கும் ஒரு திரி, அதாவது தனிப் பக்கம் இருக்கும். எழுத்தாளர் அத்தியாயத்தைப் போட, கீழே வாசகிகள் கருத்து எழுதுவார்கள். அடுத்தது பிரதிலிபி மாதிரியான செயலிகள். பிரதிலிபி நம் ஓசூருக்குப் பக்கத்தில், பெங்களூரில் தொடங்கிய நிறுவனம்தான். மூன்றாவது அமேசானின் மின்நூல் இடமான கிண்டில். 2016 முதல் அதில் தமிழ் மின்நூல்கள் வருகின்றன. அங்கே முடிந்த நாவலை மொத்தமாகப் படிக்கலாம்.

பேச்சு நடப்பது வாட்ஸ்அப் குழுவிலும் முகநூல் குழுவிலும். யூடியூபில் ஒலி நாவல் போடும் சேனல்களில் கருத்துப் பகுதியைத் திறந்து பாருங்கள், அங்கேயும் ஒரு கூட்டம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

தனியாகப் படித்துவிட்டுப் போகலாமே, கூட்டம் எதற்கு?

தாராளமாகப் போகலாம். பாதிப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் தொடராக வரும் கதை நம்மைப் பேச வைத்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று யூடி (அப்டேட், அதாவது புது அத்தியாயம்) வரும். ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் நிற்கும். நாயகி அலமாரியைத் திறக்கிறாள், உள்ளே வேறு யாருடையதோ ஒரு தாலிக்கொடி, 'தொடரும்'. அடுத்த யூடி வரைக்கும் இரண்டு நாள் இருக்கிறதே, சும்மா இருக்க முடியுமா? தாலிக்கொடி நாயகனின் அம்மாவுடையது என்று ஒருத்தி சொல்வாள். இல்லை, ஏழாவது எபியில் (எபிசோடில்) அம்மா படத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான் இருந்தது என்று இன்னொருத்தி வரியோடு எடுத்துக் காட்டுவாள். அவ்வளவு கவனமாகப் படிக்கிறவர்கள் இவர்கள். பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில்கூட யாரும் இப்படி வரி வரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எழுத்தாளரும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நாயகனின் தம்பி இரண்டே காட்சியில் வந்து போயிருப்பான். வாசகிகள் அவன் மேல் வைத்த பாசத்தைப் பார்த்து, அடுத்து அவனுக்கென்று ஒரு தனிக் கதையே வரும். நம் பேச்சிலிருந்து ஒரு கதை பிறப்பதைப் பார்க்கிற சந்தோஷம் அச்சுப் புத்தகத்தில் கிடைக்காது.

சில தளங்களில் போட்டி நடக்கும்போது எழுத்தாளர்கள் பெயரை மறைத்து எழுதுவார்கள். முடிவு வந்த பிறகுதான் பெயர் தெரியும். அதற்குள் நடையை வைத்து, "இந்த மாதிரி மாமியாரை எழுத அவங்களால்தான் முடியும்" என்று ஆளைக் கண்டுபிடிக்க வாசகிகளுக்குள் இன்னொரு போட்டி நடக்கும். அந்த மாதங்களில் குழு தூங்காது.

இதெல்லாம் இப்போது வந்த பழக்கமா?

வாசிப்பு பழையது. வார இதழில் வந்த தொடரைக் கிழித்தெடுத்து, பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ. மாத நாவலைப் பேருந்து நிலையக் கடையில் வாங்கித் தெருவே மாற்றி மாற்றிப் படித்த காலமும் இருந்தது. ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த அக்காக்கள் எங்கள் குழுவிலும் இருக்கிறார்கள். அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் யாரோ ஒருத்தி 'சூப்பர்' என்று பென்சிலில் எழுதியிருப்பாள், அதன் கீழே இன்னொரு கையெழுத்தில் 'ஆமாம்' என்று இருக்கும்.

வெளிநாட்டிலும் அப்படித்தான். 1908இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் 1930களில் காதல் கதைகளில் ஊன்றி நின்றதற்கு அங்கிருந்த வாடகை நூலகங்கள் பெரிய காரணம். காசு கொடுத்து வாங்க முடியாத பெண்கள்தான் இந்த வகைக் கதையைத் தாங்கிப் பிடித்தார்கள். இப்போது புதிதாக வந்தது ஒன்றே ஒன்று. பாலக்கோட்டில் இருக்கிறவளும் சிங்கப்பூரில் இருக்கிறவளும் அதே இரவில் அதே அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சண்டை போட முடிகிறது.

வீட்டில் கேலி செய்கிறார்கள். "இதெல்லாம் ஒரு படிப்பா" என்கிறார்கள்.

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை.

கிரிக்கெட் பார்க்கிறவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நாள் முழுக்க மாட்டுக் கொட்டகை, சமையல், நூறு நாள் வேலை என்று ஓடிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அரை மணி நேரம் ஒரு கதை படித்தால் மட்டும் கேள்வி வருகிறது. அந்த அரை மணி நேரம் உங்களுடையது. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கல்யாணத்துக்கு அப்புறம் புத்தகத்தையே தொடாதவர்கள் இந்தக் கதைகள் வழியாகத்தான் மறுபடி தமிழ் படிக்க ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் கருத்து எழுதுகிறார்கள், அப்புறம் சிலர் கதையே எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் ஒரு கதாபாத்திரத்தை ஒரு பக்கத்துக்கு அலசி எழுதுவதை நான் பார்க்கிறேன். அதைக் கேலி செய்கிறவர்களுக்கு முதலில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டலாம்.

எனக்குக் கமெண்ட் எழுத வராது. சைலண்ட் ரீடராகவே இருக்கலாமா?

இருக்கலாம். யாரையும் விரட்ட மாட்டோம்.

ஆனால் எழுத்தாளர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு போனில் தட்டித் தட்டி எழுதுகிறவர்தான் பெரும்பாலும். தளத்தில் எழுதுவதற்குப் பலருக்குப் பணம் கிடையாது. ஆயிரம் பேர் பார்த்ததாக எண்ணிக்கை காட்டும், கீழே மூன்று பேர் எழுதியிருப்பார்கள். பாதியில் நின்றுபோன கதைகளுக்கு இந்த அமைதியும் ஒரு காரணம் என்று எழுத்தாளர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நீளமாக எழுத வேண்டாம். 'நைஸ்', 'சூப்பர் சிஸ்' என்பதை விட, பிடித்த ஒரு வரியை எடுத்துப் போட்டு "இது எங்க வீட்டில் நடந்த மாதிரியே இருக்கு" என்று எழுதினால் போதும். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். போனில் தமிழில் தட்ட வரவில்லையா, மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே எழுதித் தரும். நம் தருமபுரிப் பேச்சில் சில சொல்லை அது தப்பாகப் போடும், ஒரு தடவை பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

கதை பிடிக்கவில்லை என்றால் சொல்லலாமா?

சொல்லலாம், கதையைப் பற்றி. எழுத்தாளரின் குடும்பம், சாதி, படிப்பு பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன். "யூடி எங்கே?" என்று நாளைக்குப் பத்து தடவை கேட்பதும் வேண்டாம். அவர் வீட்டிலும் காய்ச்சல், பரீட்சை, திருவிழா எல்லாம் வரும்.

ஆன்டி ஹீரோ கதைகளுக்கு ஏன் குழுவில் இவ்வளவு சண்டை?

ஏனென்றால் அது நம் வாழ்க்கையைத் தொடுகிறது. நாயகியைக் கட்டாயப்படுத்தித் தாலி கட்டுவான், அடிப்பான், கடைசியில் ஒரு விபத்தில் படுத்து மன்னிப்புக் கேட்பான், எல்லாம் சரியாகிவிடும். ஒரு பாதி வாசகிகளுக்கு இது பிடிக்கும். கதையில் பயத்தையும் கோபத்தையும் பத்திரமான இடத்திலிருந்து அனுபவிக்கிறோம், நிஜத்தில் இப்படி ஒருத்தனை வாசலில் சேர்க்க மாட்டோம் என்பது அவர்கள் பக்கம். இன்னொரு பாதி, அறைந்தவனை நாயகன் என்று கூப்பிடவே முடியாது என்பார்கள்.

நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியை முட்டாள் என்று சொல்ல விட மாட்டேன். இந்தச் சண்டையில்தான் பல பெண்கள் முதல் தடவையாகத் தன் வீட்டில் நடப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். "அவன் செய்ததுக்குப் பேர் கொடுமைதானே?" என்று கதாபாத்திரத்தைப் பற்றி ஆரம்பிக்கும் பேச்சு, அப்புறம் தனி மெசேஜில் வேறு மாதிரி தொடரும். அப்படி வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பெண்கள் உதவி எண் 181.

ஒரு விஷயத்தில் மட்டும் விவாதமே கிடையாது. நாயகிக்குப் பதினெட்டு வயது ஆகாத காதல் கதையை, கல்யாணக் கதையை இங்கே யாரும் பரிந்துரைக்கக் கூடாது. நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் நடக்கிறது. பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளைகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அதை அழகாக எழுதிய கதைக்கு இதயப் படம் போட என்னால் முடியாது. அப்படி ஒரு கல்யாணம் எங்காவது நடக்கப் போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.

குழுவில் ஏன் சொந்தப் பெயர், ஊர்ப் பெயர் கேட்பதில்லை?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம், ஒரு சாதி மறுப்புக் காதல் திருமணத்தை ஒட்டி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகளைக் கொளுத்தினார்கள். காதல் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். காதல் கதை படிக்கிறாள் என்பதை வைத்தே ஒரு பெண்ணைச் சந்தேகப்படும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

அதனால் இங்கே புனைபெயர் போதும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. குலப்பெயரைச் சுற்றி வளைத்து விசாரிப்பதும் அதில் அடக்கம். மற்றபடி எல்லாரும் அக்காவோ, தங்கச்சியோ, சிஸ்ஸோதான்.

இப்படி இருப்பதால்தான் ஒரே கதையின் கீழ் எல்லா ஊரும் எல்லாத் தெருவும் உட்கார்ந்து பேச முடிகிறது. வெளியே அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

என் எண் மற்றவர்களுக்குத் தெரியுமா?

வாட்ஸ்அப் குழுவில் தெரியும். தெரியக் கூடாது என்றால் எங்கள் வாட்ஸ்அப் சேனலைத் தொடருங்கள். சேனலில் தொடர்கிறவர்களின் எண் மற்ற வாசகிகளுக்குத் தெரியாது. அங்கே அறிவிப்பும் வாக்கெடுப்பும் வரும், உரையாடல் குறைவு.

குழுவிலேயே இருக்க வேண்டுமென்றால் முகப்புப் படத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். தனியுரிமை அமைப்பில் 'குழுக்கள்' என்ற இடத்தில், யார் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்பதையும் தொடர்புகளுக்கு மட்டும் என்று வையுங்கள். இல்லையென்றால் கடன் செயலிக்காரன் வரை சேர்த்துவிடுவான்.

குழு வழியாக எண்ணை எடுத்து யாராவது தொந்தரவு செய்தால் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். உங்கள் படத்தை மாற்றி ஆபாசமாகப் போட்டிருந்தால், சம்பந்தப்பட்ட தளத்தில் நேரடியாகப் புகார் கொடுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் இதற்கு 24 மணி நேரம் இருந்தது; 2026 பிப்ரவரி திருத்தத்துக்குப் பிறகு, புகார் வந்த 2 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். காவல்துறையிலும் புகார் செய்யலாம், நாங்கள் துணைக்கு வருவோம்.

கதை முடிந்ததும் தளத்திலிருந்து ஏன் எடுத்துவிடுகிறார்கள்?

கிண்டிலுக்காகத்தான் பெரும்பாலும். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் சேரும் மின்நூலை எழுத்தாளர் வேறு எங்கும் மின்வடிவில் வைக்கக் கூடாது என்பது அமேசானின் நிபந்தனை. சந்தா கட்டியவர்கள் எத்தனை பக்கம் படித்தார்களோ, அந்தக் கணக்கில்தான் எழுத்தாளருக்குப் பணம் போகிறது. தளத்தில் இலவசமாகக் கொடுத்தவர் முடிந்ததும் நாலு காசு பார்க்க நினைப்பது நியாயம்தானே. அதனால் தொடராக ஓடும்போதே படித்துவிடுங்கள். விட்டுப்போனவர்களுக்காகச் சிலர் இடையில் ரீரன் போடுவார்கள், அதாவது அதே கதையை மறுபடி போடுவார்கள்.

பிடிஎஃப் இருக்கா?

இல்லை. இந்தக் குழுவில் கிடையாது, யாரும் தரவும் கூடாது.

தினமும் வருகிற கேள்வி என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். டெலிகிராமில் தேடினால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், எனக்குத் தெரியும். அவற்றில் பல, கிண்டிலில் வந்த நாவலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தைத்தவை. அப்படிப் படிக்கிற ஒவ்வொரு பக்கமும் எழுத்தாளருக்குக் கிடைக்காமல் போகிற பக்கம். அந்தக் காசை வைத்துப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். பெண்கள் வீட்டிலிருந்தபடியே சொந்தமாகச் சம்பாதிக்க இவ்வளவு சுத்தமான வழி வேறு என்ன இருக்கிறது? அதில் கை வைக்கிறவர்களும் பெரும்பாலும் நாமே, ரசிகைகளே என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

சட்டமும் தெளிவு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் உயிரோடு இருக்கும் காலமும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

காசு இல்லை என்பது உண்மையான பிரச்சினை, அதை நான் மறுக்கவில்லை. வழி இருக்கிறது. கிண்டிலில் எழுத்தாளர்கள் அவ்வப்போது சில நாள் இலவசமாக விடுவார்கள். அந்த அறிவிப்பு வந்த உடனே குழுவில் போடுகிறோம். தளங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கதைகள் இருக்கின்றன. அச்சுப் புத்தகத்துக்கு உங்கள் ஊர் கிளை நூலகத்தில் கேளுங்கள். குடும்ப நாவல் இல்லை என்றால் வேண்டுமென்று சொல்லுங்கள்.

ஓசூரில் கம்பெனி விடுதியில் இருக்கிறேன். நைட் ஷிப்ட் முடித்து வருவதற்குள் எல்லாரும் கதையை உடைத்துவிடுகிறார்கள்.

உங்களுக்காகத்தான் அந்த விதி. புது எபி வந்த மறுநாள் இரவு வரை குழுவில் கதையைச் சொல்லக் கூடாது. பேசியே ஆக வேண்டும் என்றால் எபி எண்ணைப் போட்டு, நிறைய வரி இடம் விட்டு எழுதுங்கள். 'மேலும் படிக்க' என்று மடிந்துகொள்ளும். மாங்காய் சீசனில் மாங்கூழ் ஆலைக்குப் போகிறவர்களுக்கும் படிக்க நேரம் இருக்காது. அந்த மாதங்களில் கூட்டு வாசிப்பு வைப்பதில்லை.

வீட்டில் தெலுங்கு, கன்னடம். தமிழ் பேசுவேன், வேகமாகப் படிக்க வராது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் இப்படிக் கேட்கிறார்கள். ஒலி நாவலில் ஆரம்பியுங்கள். எழுத்தாளர்களே தங்கள் கதையை யூடியூபில் படித்துப் போடுகிறார்கள். பூப்பறித்துக்கொண்டே கேட்கிறவர்கள் உண்டு. கொஞ்ச நாள் கழித்து, அதே கதையின் எழுத்து வடிவம் கிடைத்தால் கூடவே வைத்துக் கேட்டுப் பாருங்கள். கருத்தைக் குரல் பதிவாகவே அனுப்பலாம். யாரும் உச்சரிப்பைத் திருத்த மாட்டார்கள்.

ஆண்கள் சேரலாமா?

படிக்கிறவர் என்றால் சேரலாம். தனி மெசேஜ் போனால் வெளியே.

கதை பெயர் மறந்துவிட்டது. கண்டுபிடிக்க முடியுமா?

எங்கள் அக்காக்களின் பெரிய திறமையே இதுதான். "ஹீரோ கலெக்டர், ஹீரோயின் ஊமை மாதிரி நடிப்பா, ஒரு பாட்டி இருப்பாங்க" என்று போடுங்கள். பெயர், எழுத்தாளர், இப்போது எங்கே கிடைக்கும் என்பது வரை வந்துவிடும்.

நேரில் சந்திப்பது உண்டா?

விருப்பம் இருப்பவர்கள் மட்டும். மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பகலில் குடும்ப நாவல் அரங்குக்கு முன்னால் கூடுவோம். பிள்ளைகளோடு வரலாம், அம்மாவோடு வரலாம். படம் எடுத்தாலும் புத்தகத்தை மட்டும்தான் எடுப்போம், முகத்தை எடுப்பதில்லை. தனியாக யார் கூப்பிட்டாலும், எத்தனை வருஷம் குழுவில் பேசிய பழக்கமாக இருந்தாலும், வீட்டுக்கோ லாட்ஜுக்கோ போகாதீர்கள்.

எங்கள் ஊரில் நானே ஒரு குழு தொடங்கலாமா?

தொடங்குங்கள். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை என்று ஊருக்கு ஒன்று வந்தாலும் நல்லதுதான்.

வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1024 பேர் வரை விடும். அந்த எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். ஒருவர் எழுதினால் மற்றவர்களுக்கு அவர் யார் என்று தெரிகிற அளவில் இருந்தால்தான் பேச்சு ஓடும். பெரிதான பிறகு குட் மார்னிங் படமும் சேலை விளம்பரமும்தான் மிஞ்சும்.

முதல் மாதம் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொடராக, இலவசமாகப் படிக்கக் கூடியதாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு இரவு, ஒரு மணி நேரம் மட்டும் பேச்சு. ஆரம்பத்தில் நீங்களும் இன்னும் இரண்டு பேரும்தான் எழுதுவீர்கள். அதற்காக மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுத வைக்காதீர்கள், அவர்களாக வருவார்கள். விதிகளைக் குழு விளக்கத்தில் எழுதி வையுங்கள்: பிடிஎஃப் கிடையாது, சாதிப் பேச்சு கிடையாது, ஸ்கிரீன்ஷாட் வெளியே போகக் கூடாது. நிர்வாகியாக உங்களோடு இன்னொருத்தியையும் போடுங்கள். உங்கள் போன் கெட்டாலும், பிரசவத்துக்கு அம்மா வீடு போனாலும் குழு நிற்காமல் இருக்கும்.

எங்கள் விதிப் பட்டியல் வேண்டுமென்றால் கேளுங்கள், அப்படியே அனுப்புகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.